வளரும் பிள்ளைக்கு இன்றைய அளவு

கொல்கத்தாவில் கோல்ஃப் பழகும் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

மழை விட்டாயிற்று, பூஜையும் முடிந்தது. புல்வெளியில் தேங்கிய தண்ணீர் வற்றி, காலையில் ஸ்வெட்டர் தேடும் நாட்கள் வந்துவிட்டன. நம் ஊரில் பிள்ளைகள் ஒழுங்காகக் கோல்ஃப் ஆட முடிகிற மாதங்கள் இவைதான். லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ பக்கமிருந்து காளிகட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, இரண்டாவது நிறுத்தமான மகாநாயக் உத்தம் குமாரில், அதாவது டாலிகஞ்சில், பிள்ளையோடும் பையோடும் இறங்கும் பல குடும்பங்களை எனக்குத் தெரியும். புது மட்டை வாங்குவதும் பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். அதனால் இந்த மடலை இப்போதே எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளையின் இன்றைய உயரத்துக்கு மட்டை வாங்குங்கள். அடுத்த வருட உயரத்துக்கு வாங்காதீர்கள். அப்பாவின் பழைய மட்டையை அறுத்துக் கொடுக்காதீர்கள்.

நம் வீடுகளில் பள்ளிச் சீருடையை இரண்டு அங்குலம் கூடுதலாக எடுத்து உள்ளே மடித்துத் தைப்போம். பாவாடைக்கு டக் பிடிப்போம். வளரும் பிள்ளை, எதையும் கொஞ்சம் பெரிதாக வாங்கு என்பது தாத்தா பாட்டி சொல்லிக்கொடுத்த சிக்கனம். துணிக்கு அது சரி. பெரிய சட்டை போட்ட பிள்ளையின் உடம்பு அந்தச் சட்டைக்காகத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. மட்டையைப் பிடித்த பிள்ளையின் உடம்போ மாற்றிக்கொள்கிறது. எட்டு வயதில் கை, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து ஓர் அசைவைப் படிக்கின்றன. மட்டை நீளமாக இருந்தால் அந்த நீளத்துக்கேற்ற கோணலைப் படிக்கின்றன. கனமாக இருந்தால் அந்தக் கனத்தைத் தூக்கும் தந்திரத்தைப் படிக்கின்றன. பிறகு சரியான அளவு மட்டை கைக்கு வரும்போது மட்டைதான் மாறியிருக்கும், கோணல் அப்படியே இருக்கும். பதின்மூன்று வயதில் அதைத் திருத்த ஒரு கோச் படும் பாட்டையும், திருத்தப்படும் பிள்ளை படும் வேதனையையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

நீளமான மட்டை என்ன செய்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பிள்ளை பந்தைவிட்டு ஓரடி தள்ளி நிற்கும். முதுகு நிமிர்ந்துவிடும், இல்லையென்றால் கைப்பிடியின் முனை வயிற்றில் இடிக்கும். இடிக்காமலிருக்க மட்டையை உடம்பைச் சுற்றித் தட்டையாக வீசும். தரையில் வைக்கும்போது மட்டைத் தலையின் அடிப்பாகம் முழுதும் படியாது. நுனி மேலே தூக்கி நிற்கும். நுனி தூக்கினால் மட்டையின் முகம் இடப்பக்கம் திரும்புகிறது. வலக்கைப் பிள்ளை எவ்வளவு நேராக அடித்தாலும் பந்து இடப்பக்கம் போகும். கெட்டிக்காரப் பிள்ளை என்ன செய்யும்? பந்து நேராகப் போவதற்காக, அடிக்கும் நொடியில் மணிக்கட்டை வேண்டுமென்றே திறந்து பிடிக்கப் பழகும். யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்த தந்திரம் என்பதால் அது ஆழமாகப் பதியும். கற்கும் திறன் அதிகமுள்ள பிள்ளைக்குத்தான் தவறான மட்டையால் சேதமும் அதிகம்.

கனமும் அப்படியே. பெரியவர்களின் ஏழாம் எண் அயர்னின் தலை மட்டுமே ஏறக்குறைய 270 கிராம். பழைய இரும்பு ஷாஃப்ட் அதற்கு மேல் நூறு கிராமுக்கு அதிகம். அதன் மேல்முனையை அறுத்தால் நீளம் குறையும், தலையின் கனம் அப்படியே இருக்கும். குட்டையான ஷாஃப்ட் முன்னைவிட விறைப்பாகவும் ஆகிவிடும். பெரிய ஆளின் வேகத்துக்கு வளையும்படி செய்த ஷாஃப்ட். அது ஒரு சிறுமியின் வேகத்துக்கு வளையவே வளையாது. வளையாத ஷாஃப்ட் பந்தை மேலே தூக்க உதவாது. பந்து மேலே போகவில்லையே என்று பிள்ளை பின்காலில் சாய்ந்து, மணிக்கட்டால் பந்தைக் கரண்டியில் அள்ளுவதுபோல அள்ளப் பார்க்கும். ரேஞ்சில் வரிசையாக நிற்கும் சின்னப் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி அள்ளுகிறார்கள் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். பிறகு அவர்கள் கையிலுள்ள மட்டையைப் பாருங்கள்.

நம் ஊர் மைதானங்களில் இதற்கு இன்னொரு தண்டனையும் உண்டு. ராயல் கல்கத்தாவில் ஆடியவர்களுக்குத் தெரியும்: தரை சமதளம், ஆனால் குளங்கள் நிறைய. உருண்டு போகும் பந்துக்கு அங்கே வழி கிடையாது. பெரியவர்களின் டிரைவர் தலையின் சாய்வு பத்து டிகிரிக்கு முன்பின் இருக்கும். மெதுவாக வீசும் பிள்ளைக்கு அந்தச் சாய்வில் பந்து எழும்பாது. குழந்தைகளுக்கென்றே செய்த டிரைவர்களில் சாய்வு கூடுதலாக இருப்பது இதற்காகத்தான். பந்து காற்றில் ஏறிக் குளத்தைத் தாண்டி அக்கரையில் விழுவதை ஒரு முறை பார்த்துவிட்ட பிள்ளை மறுநாள் தானாக எழுந்து கிளம்பும். தினமும் பந்தைக் குளத்துக்குக் கொடுக்கும் பிள்ளை சில மாதங்களில் வேறு விளையாட்டுக்குப் போய்விடும். பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

இந்த இடத்தில் உங்களில் பலர் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். நேரிலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். "சௌராசியா என்ன, அளவெடுத்த மட்டையிலா படித்தார்?"

நியாயமான கேள்வி. எஸ். எஸ். பி. சௌராசியா நம் ஊர்க்காரர். 1978ல் பிறந்தவர். தந்தை ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவர். முறையான கோச் கிடையாது. பார்த்துப் பார்த்துத் தானே கற்றவர், கேடியாகவும் இருந்தவர். 2008ல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் வென்று ஐரோப்பிய டூரில் பட்டம் பெற்றார். 2011ல் அவந்தா மாஸ்டர்ஸ், 2016லும் 2017லும் அடுத்தடுத்து இந்தியன் ஓப்பன். இந்தியாவில் கோல்ஃப் ஆடும் எந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அவர் பெயர் தெரியும்.

அவருக்குச் சக ஆட்டக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் சிப்புட்சியா. சிப் அடிப்பதிலும் புட் செய்வதிலும், அதாவது கொடிக்கு அருகே ஆடும் சின்ன ஆட்டத்தில், அவ்வளவு தேர்ச்சி. இந்தப் பெயரில் எனக்கு ஒரு பாடம் தெரிகிறது. இது என் சொந்த ஊகம்தான். சின்ன ஆட்டத்தில் வீச்சு குறைவு, வேகம் குறைவு. மட்டையின் நீளமும் கனமும் செய்யும் கெடுதலும் அங்கே குறைவு. வசதியில்லாத இடத்தில் வளரும் திறமை தனக்குத் தடை குறைவான பக்கமாக வேர் விடுகிறது. அவர் அபூர்வமான மேதை. அதே டாலிகஞ்சில், அதே புல்தரையில் அவருக்கு முன்னும் பின்னும் கேடிகளாக நடந்த எத்தனையோ பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. வழி இல்லாதவர் ஜெயித்ததை, வழி உள்ளவர் அலட்சியமாக இருப்பதற்குச் சாட்சியாகக் கூப்பிடக்கூடாது.

ஸ்பெயினின் செவே பாயெஸ்டெரோஸ் கடற்கரை மணலில் ஒற்றை மூன்றாம் எண் அயர்னை வைத்துக்கொண்டு கற்ற கதையையும் சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கும் முன்பு அவர் சின்னப் பையனாக வைத்திருந்தது, கழன்றுபோன ஒரு மட்டைத் தலையில் தானே செருகிய மரக்குச்சி. குச்சி லேசானது, சின்னப் பையன் தன் உயரத்துக்கு ஒடித்துக்கொள்ளக்கூடியது. டைகர் உட்ஸின் தந்தை மகனுக்கு மட்டையை அறுத்துக் கொடுத்ததும் தெரிந்த செய்திதான். நடை பழகும் வயதில் புட்டரை அறுத்துக் கொடுப்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. புட்டரை யாரும் வேகமாக வீசுவதில்லை. அதை நம்பி டிரைவரையும் அயர்ன்களையும் ரம்பத்துக்குக் கொடுப்பதுதான் தவறு.

சரி, அளவு பார்ப்பது எப்படி? வயதைப் பார்க்காதீர்கள். பெட்டியின்மேல் ஐந்து முதல் ஏழு, எட்டு முதல் பத்து என்று வயது போட்டு விற்கிறார்கள். ஒன்பது வயதில் நூற்று இருபது சென்டிமீட்டர் இருக்கும் பிள்ளையும் உண்டு, நூற்று நாற்பதைத் தொட்ட பிள்ளையும் உண்டு. குழந்தைகளின் மட்டைக்கென்றே தொழில் நடத்தும் அமெரிக்காவின் யூ.எஸ். கிட்ஸ் கோல்ஃப், உயரத்தை மூன்று மூன்று அங்குலமாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் ஒரு செட் செய்கிறது. நீங்கள் அந்த நிறுவனத்தின் மட்டைதான் வாங்க வேண்டும் என்றில்லை. அந்த மூன்று அங்குலக் கணக்கை மட்டும் மனதில் வையுங்கள்.

பிள்ளை விளையாடப் போடும் ஷூவைப் போட்டு நிற்கட்டும். சுவரில் உயரம் குறியுங்கள். கையைத் தொங்கவிடச் சொல்லி மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை அளந்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கை நீளமாக இருக்கும். பிறகு கடையில் ஏழாம் எண் அயர்னைக் கொடுத்துப் பந்து அடிக்க நிற்கும் மாதிரி நிற்கச் சொல்லுங்கள். கைப்பிடி முனைக்கும் பிள்ளையின் உடம்புக்கும் நடுவே அதன் முஷ்டி நுழைய வேண்டும். மட்டையின் அடி தரையில் படிய வேண்டும். நுனிக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குத் தூக்கல் இருந்தால் பரவாயில்லை, விரலே நுழைந்தால் வேண்டாம். இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட வேண்டும். தொடவே இல்லையென்றால் கிரிப் தடிமன். தடிமனான கிரிப்பைப் பிள்ளை இறுக்கிப் பிடிக்கும். கொல்கத்தா வியர்வையில் ரப்பர் வழுக்கும்போது இன்னும் இறுக்கும். அந்த இறுக்கம் மணிக்கட்டிலிருந்து முழங்கை, தோள் என்று ஏறும்.

கனத்துக்கு ஓர் எளிய சோதனை. ஒற்றைக் கையில் மட்டையைத் தரைக்கு இணையாக நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். உடனே நடுங்கினாலோ, தோள் தூக்கினாலோ அது அந்தப் பிள்ளைக்கு உரியதல்ல. பிறகு முழு ஸ்விங் ஒன்று. அடித்து முடித்த நிலையில் தடுமாறாமல் பந்து விழும்வரை நிற்க முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் தெரியாது. பிள்ளை ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஓரடி நகர்ந்தால் மட்டைதான் பிள்ளையை வீசுகிறது. மணிக்கட்டு வலி, முழங்கை வலி, இடுப்பு வலி என்று சொன்னால் "பழகப் பழகச் சரியாகும்" என்று தட்டிக்கழிக்காதீர்கள். வளரும் எலும்பு அது. ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள், மட்டையையும் மாற்றுங்கள்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே இடக்கை செட் கிடைப்பது கஷ்டம் என்ற ஒரே காரணத்துக்காக வலக்கை மட்டையைத் திணிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சோற்றுக்கை பேச்சும் வீட்டில் சேர்ந்துகொள்ளும். தீக்ஷா தாகர் இடக்கை ஆட்டக்காரர். 2019ல் பதினெட்டு வயதில் தென்னாப்பிரிக்க மகளிர் ஓப்பனை வென்றார். மறுபக்கம், ஃபில் மிக்கல்சன் மற்ற எல்லா வேலைக்கும் வலக்கை; எதிரே நின்று அடித்த தந்தையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்துக் கற்றதால் கோல்ஃபில் மட்டும் இடக்கை. எந்தப் பக்கம் வீச வருகிறது என்பதைப் பிள்ளை காட்டட்டும். எழுதும் கையை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், கடையில் இருப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள்.

எத்தனை மட்டை வேண்டும் என்பது அடுத்த கவலை. பதினான்கு என்பது விதி அனுமதிக்கும் உச்ச வரம்பு, கட்டாயம் இல்லை. அந்த வரம்பே 1938ல்தான் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முன், 1916ல், சிக் எவன்ஸ் என்ற அமெச்சூர் ஏழே மட்டைகளோடு யு.எஸ். ஓப்பனை வென்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு டிரைவர் ஒன்று, ஹைப்ரிட் ஒன்று, ஏழாம் எண், ஒன்பதாம் எண் அயர்ன், சாண்ட் வெட்ஜ், புட்டர். போதும். முழு செட்டுக்கு வைத்திருந்த பணத்தில் அளவுள்ள அரை செட்டை இரண்டு முறை வாங்கலாம். பையையும் பிள்ளை தானே தோளில் சுமக்க முடியும்.

தூரம் அடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் பெரிய மட்டைக்கு ஆசைப்படுகிறோம் என்று எனக்குப் படுகிறது. பெங்களூருவின் அதிதி அசோக் 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தபோது, அந்தக் களத்தில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். பதக்கம் ஒரே அடி வித்தியாசத்தில் தவறியது. அந்த வாரம் அவருக்கு மட்டைப் பை சுமந்தவர் அவருடைய அம்மா. பத்து வயதில் யார் பத்து கஜம் அதிகம் அடித்தார்கள் என்ற கணக்கு பதினாறில் யாருக்கும் நினைவிருக்காது. ஸ்விங் மட்டும் கூடவே வரும்.

இனி பணத்துக்கு வருகிறேன். உண்மையான தடை அதுதான். ஐந்து வயதுக்கும் பருவ வளர்ச்சிக்கும் இடையே பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். மூன்று அங்குலம் என்பது ஏழரை சென்டிமீட்டர். ஆக ஒரு செட் ஒன்றேகால் வருடம் வரும், மீறினால் ஒன்றரை. பெண்பிள்ளைகளுக்குப் பத்து, பதினொன்றிலும், பையன்களுக்கு அதற்கு இரண்டு வருடம் கழித்தும் வளர்ச்சி வேகமெடுக்கும்போது வருடத்துக்குள்ளேயே சிறிதாகிவிடும். (அண்ணனின் பழைய செட் தங்கைக்கு என்று கணக்குப் போட்டு வைக்கும் வீடுகளில், பதினொரு வயதில் தங்கை அண்ணனைத் தாண்டி நிற்பதும் நடக்கும். அளந்து பார்த்துக் கொடுங்கள்.) ஒன்றேகால் வருடத்துக்கு ஒரு செட்டைத் தனிக் குடும்பம் தாங்குவது கடினம். அதனால்தான் பெரிதாக வாங்குகிறோம், அதனால்தான் அறுக்கிறோம். உங்கள் சிக்கனத்தை நான் குறை சொல்லவில்லை. தனித்தனியாகச் சிக்கனம் செய்வதால் அது பிள்ளையின் முதுகில் விழுகிறது என்கிறேன்.

நம்மில் பல வீடுகளில் சிறிதாகிப்போன செட்டுகள் பரண்மேலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கின்றன. இந்த ஊர் ஈரத்தில் இரும்பு ஷாஃப்ட் துருப்பிடிக்கும், கிரிப் பிசுபிசுக்கும். இரண்டு மழைக்காலம் தாங்காது. அவை இப்போதே கை மாற வேண்டும். கொல்கத்தாத் தமிழர்கள் ஒருவருக்கொருவர் பாடப்புத்தகம் கொடுத்து வளர்ந்தவர்கள். நேஷனல் ஹைஸ்கூலில் படித்தவர்களைக் கேளுங்கள், மேல் வகுப்பு அண்ணனின் புத்தகத்தில்தான் பாதிப் பேர் படித்தார்கள். மட்டைக்கும் அதைச் செய்யலாம்.

டாலிகஞ்ச் நமக்கு அவ்வளவு அந்நியமான இடமும் அல்ல. 1806ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை அங்கிருந்து கிளப்பிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வந்து குடியேறியது டாலிகஞ்சில். இன்றைய டாலிகஞ்ச் கிளப்பின் நிலம் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. கிளப் 1895ல் வந்தது. பக்கத்திலிருக்கும் ராயல் கல்கத்தா, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழைய கோல்ஃப் கிளப், 1829ல் தொடங்கியது. இவ்வளவு பழைய ஊரில் ஆடும் பிள்ளைகளுக்கு அளவான மட்டை கிடைக்கவில்லை என்பது நமக்கு மரியாதை இல்லை.

மட்டைகளைக் கைமாற்றும் வேலையை வரும் போகி அன்று செய்வோம். வீட்டில் கிடக்கும் சிறிய செட் எதுவானாலும் எடுங்கள். துடையுங்கள். கிரிப் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஷாஃப்டில் கீறலோ வளைவோ இருந்தால் அதைச் சேர்க்காதீர்கள். எந்த உயரத்துப் பிள்ளை ஆடியது என்று சென்டிமீட்டரில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். வலக்கையா இடக்கையா என்றும் எழுதுங்கள். பாரதி தமிழ்ச் சங்கத்திலோ, நம்மில் ஒருவரின் வீட்டுக் கீழ்த்தளத்திலோ ஓர் அலமாரிக்கு இடம் கேட்போம். எடுப்பவர் பெயரும் பிள்ளையின் உயரமும் ஒரு நோட்டில் இருக்கட்டும். மூன்று அங்குலம் வளர்ந்ததும் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அலமாரி தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருக்கக்கூடாது. ரேஞ்சில் பந்து பொறுக்கும் பையன்களுக்கும், கேடிகளின் பிள்ளைகளுக்கும், புல்தரை பராமரிப்பவர்களின் பிள்ளைகளுக்கும் அதே நோட்டில் இடம் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். சௌராசியாவின் ஊர் இது.

இந்த ஞாயிறு உங்கள் பிள்ளையை அளந்துவிடுங்கள். பரணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போகிக்கு முன் இரண்டையும் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
டாலிகஞ்ச் ரேஞ்சில் உங்களோடு நிற்கும் ஒருவர்